மைக்ரோவேவ் ஓவன்: வாங்கும் முன் ஆராய வேண்டியவை, வாங்கிய பின் காக்க வேண்டியவை



மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் குடியேறி வாழும் நம்முடைய குடும்பங்களில் ஒரு காரியம் பொதுவாகக் காணப்படுகிறது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு நேரங்களில் சாப்பாடு நடக்கிறது. பிள்ளைகள் டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு வருகிறார்கள்; தாய் மின்சார ரயிலில் நெருக்குண்டு எட்டு மணிக்கு வந்து சேருகிறார்; தகப்பனுக்கு ஷிப்ட் முடிய இரவு பதினொன்று ஆகிவிடுகிறது. காலையில் வைத்த குழம்பு மூன்று முறை அடுப்பில் ஏறி இறங்குகிறது. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதும் அந்தத் தாயின் பங்காகவே இருக்கிறது. ஆகவே, மைக்ரோவேவ் ஓவன் இன்று பணக்கார வீட்டின் அலங்காரப் பொருளாக மட்டும் இல்லை. அநேக எளிய வீடுகளுக்கும் அது தேவையான உதவியாக வந்துவிட்டது.

ஆனாலும் இதை வாங்குவதில் இருவகையான இழப்பு நேரிடுவதைக் காண்கிறோம். ஒன்று, தேவையை அளவிடாமல் பெரிய ஓவனைத் தவணையில் வாங்கி, மூன்றே மாதத்தில் அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைப்பது. மற்றொன்று, அதன் தன்மையை அறியாமல் பயன்படுத்தி, குழந்தையின் வாயைச் சுட்டுவிடுவதும் கெட்ட உணவால் குடும்பமே வயிற்றுநோயில் விழுவதும். இவ்விரண்டையும் தவிர்க்க ஒரே வழி, அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வதே.

அது எவ்விதம் சூடாக்குகிறது?

இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் கருவிகளுக்காக மாக்னட்ரான் என்னும் குழாய்கள் பெருமளவில் செய்யப்பட்டன. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பணிபுரிந்த பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், இயங்கிக்கொண்டிருந்த மாக்னட்ரான் அருகில் நின்றபோது தம் சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததே இந்த அடுப்பு. 1947-இல் வெளிவந்த முதல் ஓவன் ஏறக்குறைய ஆறு அடி உயரமும் 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. வீட்டு மேடையில் வைக்கத்தக்க சிறிய ஓவன் 1967-இல்தான் அங்கே பரவலாக விற்பனைக்கு வந்தது.

வீட்டு ஓவனில் உண்டாகும் அலைகள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 245 கோடி முறை அதிர்கின்றன. உணவில் உள்ள நீரின் மூலக்கூறுகள் அந்த அலைகளோடு சேர்ந்து திரும்ப முயன்று ஒன்றோடொன்று உராய்கின்றன; அந்த உராய்வே வெப்பமாகிறது. அதாவது, காஸ் அடுப்பு முதலில் பாத்திரத்தைச் சுடுகிறது, பாத்திரம் உணவைச் சுடுகிறது. ஓவனோ உணவில் உள்ள ஈரத்தை நேராகச் சுடுகிறது.

இங்கே இரண்டு குறிப்புகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கே நன்றாய்ச் செல்கின்றன. அதற்கும் உள்ளே இருக்கும் பகுதி, வெளிப்பகுதியின் சூடு மெல்லப் பரவுவதால்தான் சூடாகிறது. இரண்டாவது, பெட்டிக்குள் அலைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவாய் விழுவதில்லை. சில இடம் கொதிக்கும், சில இடம் குளிர்ந்தே இருக்கும். கண்ணாடித் தட்டு சுழல்வது இந்தக் குறையைக் குறைப்பதற்காகவே. ஆனால் முற்றிலும் நீக்குவதில்லை. இனி சொல்லப்போகும் எச்சரிப்புகளில் பெரும்பாலானவை இவ்விரு குறிப்புகளிலிருந்தே வருகின்றன.

பயங்களும் உண்மையும்

"அதில் சூடாக்கிய உணவில் கதிர்வீச்சு தங்கும், புற்றுநோய் வரும்" என்று பலர் அஞ்சுகிறார்கள். இந்த அலைகள் எக்ஸ்-கதிர்களைப் போல அணுக்களைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவை. விளக்கை அணைத்தவுடன் வெளிச்சம் அறையில் தங்காததுபோல, ஓவன் நின்றவுடன் அலைகளும் நின்றுபோகின்றன. உணவில் ஒன்றும் தங்குவதில்லை. கதவின் கண்ணாடிக்குள் துளைகளிட்ட உலோகத் தகடு ஒன்றைக் காண்பீர்கள். அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்; துளைகளோ ஓரிரு மில்லிமீட்டர். ஆகையால் வெளிச்சம் வெளியே வரும், அலைகள் வருவதில்லை. அமெரிக்க அரசின் விதிப்படி, ஓவனிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் கசிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. தூரம் கூடக்கூட அதுவும் வேகமாய்க் குறைந்துவிடும்.

உணவின் சத்து அழிந்துவிடும் என்பதும் பொதுவாகச் சரியல்ல. காய்கறியைக் குறைந்த நீரில் குறைந்த நேரம் வேகவைப்பதால், நிறைய நீரில் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டுவதைவிட வைட்டமின் சி போன்றவை அதிகமாகவே காக்கப்படும். ஆகவே வீண்பயம் வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறே இருக்கின்றன. அவற்றைக் கீழே காண்போம்.

எந்த வகை, எந்த அளவு?

கடைகளில் மூன்று வகைகள் உண்டு. சோலோ என்பது சூடாக்கவும், எளிய சமையலுக்கும் உரியது. கிரில் வகையில் மேலே ஒரு வெப்பக்கம்பி இருக்கும். மீன், கோழி, ரொட்டி ஆகியவற்றின் மேற்பரப்பைச் சிவக்க வறுக்கும். கன்வெக்ஷன் வகையில் வெப்பக்கம்பியோடு மின்விசிறியும் இருப்பதால் கேக், பிஸ்கட், ரொட்டி முதலியவற்றைச் சுடலாம். கன்வெக்ஷன் ஓவனின் விலை சோலோவின் விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். மேடையில் அதிக இடமும் கேட்கும்.

ஆகையால் கடைக்குப் போகுமுன் வீட்டில் அமர்ந்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "நாங்கள் மாதத்தில் எத்தனை முறை கேக் சுடுவோம்?" கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை மட்டும் என்றால், அதற்காக இரு மடங்கு பணம் செலவிடுவது புத்தியல்ல. இருவருக்கும் சிறு குடும்பத்துக்கும் 20 லிட்டர் சோலோ போதும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 23 முதல் 28 லிட்டர் வரை பொருந்தும். வீட்டில் கேக் செய்து விற்று வருமானம் தேடும் சகோதரிகளுக்குக் கன்வெக்ஷன் பயனுள்ள முதலீடு. தவணையில் வாங்குவோர், செயலாக்கக் கட்டணத்தையும், ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியையும் கணக்கிட்டுப் பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

1. வெளியீட்டுத் திறன் எவ்வளவு? பெட்டியின்மேல் இரண்டு வாட் எண்கள் இருக்கும். உணவைச் சூடாக்கும் திறன் 700 அல்லது 800 வாட் என்றால், அது மின்கம்பியிலிருந்து இழுப்பது 1,100 முதல் 1,300 வாட் வரை இருக்கும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறக்கூடாது.

2. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் உண்டா? 2012-இல் பிறப்பிக்கப்பட்ட கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே மைக்ரோவேவ் ஓவனும் சேர்க்கப்பட்டது. 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தோடு தொடங்கும் அந்த எண், தரக்குறியோடு ஓவனின்மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

3. உட்சுவர் எதனால் ஆனது? சாதாரண வண்ணப்பூச்சு உரிந்தால் துருப்பிடிக்கும். மும்பை போன்ற கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் இது விரைவில் நேரிடும். எவர்சில்வர் அல்லது செராமிக் பூச்சு நீடித்து உழைக்கும்.

4. பழுது பார்க்கும் நிலையம் உங்கள் பகுதியில் இருக்கிறதா? நம்மில் பலர் வேலையினிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறுகிறோம். வேறு நகரத்துக்குப் போனாலும் உத்தரவாதம் செல்லுமா என்று கேட்டு, தேதியிட்ட பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மாக்னட்ரானுக்குத் தனியாக எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் கேளுங்கள்.

5. பொத்தான்கள் வீட்டின் பெரியவர்களுக்கு விளங்குமா? ஊரிலிருந்து வந்து தங்கும் தாயாருக்கு, இரண்டு திருகுகள் மட்டும் உள்ள எளிய ஓவனே உதவியாக இருக்கும். ஐம்பது வகைச் சமையல் பொத்தான்கள் இருந்தும், தினமும் கை போவது ஒன்றிரண்டுக்கே.

ஊர் மாறிச் செல்லும் நண்பரிடம் பழைய ஓவனை வாங்குவோர் கதவை முதலில் சோதியுங்கள். கதவு வளைந்திருந்தாலோ, கீல் ஆடினாலோ, ஓரங்கள் துருப்பிடித்திருந்தாலோ இலவசமாய்க் கொடுத்தாலும் வேண்டாம். ஓடும்போது கதவைத் திறந்தால் அந்த நொடியே அது நிற்க வேண்டும். அறைவெப்பத்தில் உள்ள ஒரு தம்ளர் தண்ணீர், அதாவது 250 மில்லி, 800 வாட் ஓவனில் ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் கொதிநிலையை நெருங்க வேண்டும். அதைவிட வெகுநேரம் எடுத்தால் மாக்னட்ரான் தளர்ந்துவிட்டது என்று அறியலாம்.

வைக்கும் இடமும் மின் இணைப்பும்

ஓவனுக்குப் பெரிய மூன்றுமுனைப் பிளக்குக்குரிய 15 அல்லது 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். அதில் எர்த் இணைப்பு உண்மையாகவே இருக்க வேண்டும். பழைய வாடகை வீடுகளில் மூன்று துளைகள் இருக்கும், எர்த் கம்பி இராது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்த பின்பே இணையுங்கள். எக்ஸ்டென்ஷன் கம்பியில் செருகுவதும், ஃபிரிட்ஜ் இருக்கும் அதே சாக்கெட்டில் இரண்டையும் சேர்ப்பதும் தீ விபத்துக்கு வழியாகும். காற்றோட்டத்துக்காகப் பக்கங்களிலும் பின்புறத்திலும் சுமார் 10 சென்டிமீட்டரும் மேலே அதைவிட அதிகமும் இடம் விடுங்கள். சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். காஸ் அடுப்பின் பக்கத்திலோ அதற்கு மேலேயோ வைக்க வேண்டாம். சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரமும், சூடான பாத்திரத்தை எடுக்கும் தாயின் முகத்துக்குக் கீழான உயரமும் ஏற்றது.

மின்செலவைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். 1,200 வாட் இழுக்கும் ஓவன் ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கே செலவாகும். யூனிட் 8 ரூபாய் என்றால் 80 காசு.

பாத்திரங்கள்

நம்முடைய சமையலறை எவர்சில்வரால் நிறைந்தது. ஆனால் ஓவனுக்குள் அதற்கு இடமில்லை. உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்பும். உணவு சூடாகாது, தீப்பொறியும் பறக்கும். அலுமினியத் தாள், பொன்னிற ஓரமிட்ட பீங்கான், உள்ளே கிடந்த ஒரு சிறு ஸ்பூன் ஆகியவையும் அப்படியே. போரோசிலிகேட் கண்ணாடியும் உலோகச் சித்திரமில்லாத பீங்கானும் நல்லவை.

பிளாஸ்டிக்கில் மிகுந்த கவனம் வேண்டும். ஓட்டலில் பார்சல் வரும் மெல்லிய டப்பா, தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா ஆகியவை சூட்டைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறிப்பு உள்ளவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் அவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். எண்ணெய் மிகுந்த குழம்பும் சர்க்கரை மிகுந்த பண்டமும் தண்ணீரைவிட அதிகச் சூடேறும் என்பதால், அவற்றைக் கண்ணாடியில் சூடாக்குவதே உத்தமம். மெலமைன் தட்டும் ஆகாது. அது தானே சூடாகி வெடிப்பு விடும்.

ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் ஏற்றதா என்று அறிய, அதை வெறுமையாய் உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு கப் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி, பாத்திரம் குளிர்ந்திருந்தால் நல்லது. பாத்திரம் சுட்டால் தள்ளிவிடுங்கள்.

மீந்த உணவை நிதானமாய்க் கையாளுங்கள்

பிரியமானவர்களே, இதுவே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. காலை ஏழு மணிக்கு வடித்த சோறு மேடையிலேயே இருந்து, இரவு பத்து மணிக்கு ஓவனில் ஆவி பறக்கச் சூடாகிறது. "நன்றாய்ச் சூடாக்கிவிட்டேன், இனி ஒன்றும் செய்யாது" என்று எண்ணுகிறோம். அது மெய்யல்ல. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் விதைகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சை மறுபடியும் சூடாக்குவது அழிக்காது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் அதன் விளைவு.

ஆகவே சமைத்த உணவில் இரவுக்குரியதை முதலிலேயே பிரித்து, அகலமான சிறு பாத்திரங்களில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். டெல்லியின் மே மாத வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. சூடாக்கும்போது தட்டில் பரப்பி, சோற்றின்மேல் சிறிது தண்ணீர் தெளித்து, மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறுங்கள். முடிந்த பின் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். அப்போதுதான் வெளிச்சூடு உள்ளே பரவும். ஓரம் கொதித்தால் போதாது. நடுப்பகுதியும் ஆவி பறக்க வேண்டும். 74 டிகிரி செல்சியஸ் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் எடுத்து வைத்து, மறுமுறை சூடாக்க வேண்டாம். தகப்பனுக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். உறைந்த மீனையோ இறைச்சியையோ ஓவனில் இளக்கினால் உடனே சமைத்துவிடுங்கள். ஏனெனில் அதன் ஓரங்கள் அரைவேக்காடாய் வெதுவெதுப்பாகிவிடும்.

பால்புட்டி, முட்டை, தண்ணீர்

குழந்தையின் பால்புட்டியை ஓவனில் வைக்காதீர்கள். புட்டி தொடுவதற்கு வெதுவெதுப்பாய் இருக்கும். உள்ளே ஒரு பகுதிப் பாலோ நாவைச் சுடும். தாய்ப்பாலுக்கும் இதுவே விதி. சூடான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் புட்டியை வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

ஓட்டோடு கூடிய முட்டையை வைத்தால் ஆவி வெளியேற வழியின்றி வெடிக்கும். அவித்து உரித்த முட்டையை முழுதாய்ச் சூடாக்கினாலும், வெளியே எடுத்துக் கடிக்கும்போது வெடிக்கக்கூடும். துண்டாக்கியே சூடாக்குங்கள். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் முதலியவற்றை முள்கரண்டியால் குத்திய பின் வையுங்கள். வெறும் தண்ணீரை வழவழப்பான கோப்பையில் வெகுநேரம் சூடாக்கினால், கொதிக்காமலே கொதிநிலையைத் தாண்டிவிடும். அதில் காப்பித்தூளைப் போட்டவுடன் பொங்கித் தெறித்து முகத்தைச் சுடும். ஆகையால் முன்னமே ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கள். நின்ற பின் ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

அப்பளம் எண்ணெயின்றி ஒரு நிமிடத்துக்குள் பொரியும். இட்லி, இடியாப்பம், புட்டு ஆகியவற்றை நீர் தெளித்துச் சூடாக்கினால் புதிதாய்ச் செய்ததுபோல் இருக்கும். ரவை, வேர்க்கடலை ஆகியவற்றை இடையிடையே கிளறி வறுக்கலாம். பீன்ஸ், காரட் முதலியவற்றைச் சிறிது நீரோடு மூடி வேகவைக்கலாம். பருப்புக்கும் சோற்றுக்கும் குக்கரே சிறந்தது. ஓவனில் நேரம் மிச்சமாகாது. தோசைக்குக் கல்லே வேண்டும். எண்ணெயில் பொரிப்பதை ஓவனில் ஒருபோதும் முயலாதீர்கள்.

பராமரிப்பு

வெறுமையாய் ஓட்டாதீர்கள். வாரம் ஒருமுறை எலுமிச்சைத் துண்டுகள் இட்ட தண்ணீரை மூன்று நிமிடம் சூடாக்கி, சற்றுப் பொறுத்து ஈரத்துணியால் துடையுங்கள். கதவின் ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்குச் சேரவிடாதீர்கள். உள்ளே உணவு தீப்பற்றினால் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்துங்கள். காற்றில்லாமல் தீ அடங்கிவிடும். பழுதானால் மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். பிளக்கை எடுத்த பின்னும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லத்தக்க மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். வீடு மாறும்போது கண்ணாடித் தட்டையும் அதன் கீழுள்ள வளையத்தையும் எடுத்துத் தனியே துணியில் சுற்றி வையுங்கள்.

அன்பானவர்களே, இந்த மாதம் ஓவன் வாங்க எண்ணியிருப்போர் முதலாவது சுவரில் உள்ள சாக்கெட்டையும் எர்த்தையும் சோதியுங்கள். இரண்டாவது, மேடையை டேப்பால் அளந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தேவை எது, ஆசை எது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து பேசுங்கள். அதன் பின்பு கடைக்குப் போங்கள். ஏற்கெனவே வைத்திருப்போர், காலையில் வடித்த சோறு இன்று எங்கே இருக்கிறது என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.

அடுத்த இதழில் வேறொரு இல்லப் பொருளோடு சந்திப்போம்.